வாசம் தெரியாத ஐந்து மாதம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
02.03.2025, ஞாயிறு

அன்பு மகள் ஆஷ்லினுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்தேன், நீ வார்டிலிருந்து களைத்து வந்து சாப்பாடு ஆச்சாம்மா என்று கேட்டதும் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி. லூர்துபிரகாஷ் மாமா வீட்டில் மாடிக்குத் தளம் போட்டாயிற்று, அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மற்ற சேதி எல்லாம் நல்ல சேதிதான். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியது.

போன அக்டோபரில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, நான்கு நாளில் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, காய்ச்சல் சரியாகத்தான் போயிற்று ஆனால் போகும்போது என் வாசத்தையும் கொண்டுபோய்விட்டது. ஒரு வாசமும் தெரியவில்லை. மூக்கு அடைப்பு என்று நினைத்து ஆவி பிடித்தேன். பத்து நாள் கழித்து நம் மேட்டுப்பாளையம் சீஸ் ஷெட்டில் பாலைக் காய்ச்சிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன், சுலோசனா வெளியிலிருந்து ஓடிவந்து அக்கா அடி பிடிக்குது தெரியலையா என்று அடுப்பை அணைத்தாள். யோசனையில் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் எனக்கே பயம் வந்தது. நீயே சொல், சீஸ் செய்கிறவளுக்கு மூக்குதானே எல்லாம். இன்றைக்குப் புரட்ட வேண்டுமா, உப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டுமா, இது பழுத்துவிட்டதா, கெட்டுவிட்டதா, எல்லாம் குளிர் அறைக் கதவைத் திறந்து உள்ளே ஒரு அடி வைத்ததும் மூக்கு சொல்லிவிடும். எனக்கு அந்தக் கதவைத் திறந்தால் குளிர் மட்டும்தான் முகத்தில் அடித்தது.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ நர்ஸ், சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் போ என்பாய், அவர் பரிசோதித்துவிட்டு இனி வராது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று போகாமலே இருந்தேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. டிசம்பரில் இங்கே கிறிஸ்துமஸ் சந்தை, ஜனவரியில் சென்னைக் கண்காட்சி, பிப்ரவரியில் பெங்களூர்ப் போட்டி, மூன்றுக்கும் முன்பே பேர் கொடுத்தாயிற்று. சந்தையில் பழைய சரக்குதான் விற்றேன், தப்பித்துவிட்டேன். சென்னையில் மாட்டிக்கொண்டேன். சின்ன சீஸ் வட்டங்களுக்கு நாக்கை நம்பி உப்புப் போட்டேன், வாசம் இல்லாத வாய்க்கு எல்லாம் சப்பென்று இருந்ததா, கூட்டிக்கொண்டே போய்விட்டேன். இரண்டு வருஷம் வரிசையாகப் பரிசு வாங்கிய இடத்தில் இந்த முறை உப்புக் கடுமை என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்பா வண்டியில் வரும்போது, உனக்கு வயசாகுது மேரி, கொஞ்சம் ஓய்வு எடு என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுலோசனாதான் கண்டுபிடித்தாள். பொங்கல் கழிந்த வாரம், ஷெட்டுக்கு வெளியே மரத்தடியில் நாங்கள் சாப்பிடுவோமே, அங்கே நான் தனியாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவள் கேட் அருகிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டிக் குவியலில் எலி செத்துக் கிடந்திருக்கிறது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அக்கா, எலி செத்து மூணு நாளாவது இருக்கும், நீங்க பக்கத்துல உக்காந்து இட்லி துன்றீங்க, எப்பத்துலேர்ந்து இப்படி என்றாள். என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லை, எப்போதிலிருந்து என்றுதான் கேட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டேன்.

நானும் அவளும் ஆறு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். அவள் இதுவரை ஒரு துண்டு சீஸ் வாயில் வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். குளிர் அறைக்குள் போனால் வாயால் மூச்சு விடுவாள். அவளிடம் போய் இனி நீதான் எனக்கு முகர்ந்து சொல்ல வேண்டும் என்றால் சிரிக்கமாட்டாளா. சிரிக்கவில்லை. எனக்கு எல்லாமே நாத்தம்தான்கா, எது நல்ல நாத்தம் எது கெட்ட நாத்தம்னு எனக்கு என்னா தெரியும் என்றாள். பேர் தெரிய வேண்டாம், எது மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல் என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒன்றை முகர்ந்துவிட்டு, மழை நின்னதும் வைக்கப்போர்கிட்ட போனா வருமே அது என்பாள். இன்னொன்றுக்கு, ஊறவெச்ச கொட்டப்பாக்கு என்பாள். நான் பழைய நினைப்பில் அது எந்தப் பக்குவம் என்று கணக்குப் போட்டு, இன்றைக்குத் துடை, இதை இரண்டு நாள் விடு என்பேன். உப்பு என் நாக்குக்கு வேண்டாம் என்று தராசில் நிறுத்துப் போட்டோம். ஜனவரிக் கடைசியில் அப்படிச் செய்த சின்ன வட்டங்கள் இருபதைப் பெங்களூரில் விற்பதற்கு என்று எடுத்து வைத்தேன். போட்டிக்கு மட்டும் செப்டம்பர் கடைசியில் செய்த பெரிய வட்டம். அது காய்ச்சலுக்கு முன்னால், என் மூக்கு என்னிடம் இருந்தபோது நானே செய்தது. அதைத் தொடும்போதெல்லாம் இது ஒன்றாவது முழுக்க என்னுடையது என்று நினைப்பேன்.

பெங்களூருக்கு நான், அப்பா, சுலோசனா மூன்று பேரும் போனோம். அவள் எதற்கு என்று அப்பா கேட்டார், கடைக்கு ஒத்தாசை என்றேன். மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் மண்டபத்தில் எங்களுக்குப் பதினேழாம் மேசை. பத்து மணிக்கு நடுவர்கள் வருவார்கள், வட்டத்தை முழுசாக, வெட்டாமல் வைக்க வேண்டும், வெட்டினால் போட்டியில் இல்லை. பெட்டியைத் திறந்து வட்டத்தை எடுத்தேன். முந்தின நாள் முழுக்க வண்டியில் வந்ததில் பெட்டிக் குளிர் கொஞ்சம் இறங்கியிருந்தது. சுலோசனா குனிந்தவள் சட்டென்று பின்வாங்கி, அக்கா, இது வேற மாதிரி இருக்கு, கைக்குழந்த பால் கக்கி, தொடைக்காம வுட்ட துணி மாதிரி இருக்கு என்றாள்.

அந்த வாசம் எதற்கு வரும் என்று எனக்குத் தெரியும். மழையில் ஊறிப் புளித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலில் ஒரு கிருமி வரும், மூன்று நான்கு மாதம் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு உள்ளுக்குள்ளேயே காற்றுக் கட்டி வட்டத்தைப் பிளந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. விரலால் தட்டிப் பார்த்தேன், உள்ளே கொஞ்சம் காலியாகக் கேட்டது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது, மண்டபத்தில் அவ்வளவு சத்தம். என்னால் நம்ப முடியவில்லை, நம்பப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. மூக்கு இல்லாமல் செய்தது கெட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன், மூக்கோடு செய்தது எப்படிக் கெடும். அந்த ஆத்திரத்தில், வாயில் ஒரு துண்டு வைத்துப் பார்க்காதவளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் மாறிவிட்டது. நீங்க கூப்ட்டீங்க, வந்தேன், மேசைல வெக்கறதுன்னா வெச்சிக்கோங்க, ஆனா சுலோசனா மோந்து பாத்து சரின்னு சொன்னான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்று சொல்லிவிட்டு விற்பனைப் பெட்டிகளைப் பிரிக்கப் போய்விட்டாள்.

மணி ஒன்பது ஆகப் போகிறது. கத்தியை எடு, வெட்டிப் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சீஸுன்னா நாறத்தான் செய்யும், அவ பேச்சக் கேட்டு அஞ்சு மாச உழைப்ப வெட்டிடாத, உன் மூக்கு என்னா சொல்லுது அதச் சொல்லு என்றார். அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு அவரிடம் சொன்னேன், எனக்கு அக்டோபரிலிருந்து ஒரு வாசமும் தெரியவில்லை, நீங்கள் தினமும் பூசிக்கொள்ளும் பவுடர் வாசம்கூடத் தெரியவில்லை என்று. அப்பா என் முகத்தைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. ஏன் சொல்லல என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. பையைத் திறந்து கத்தியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, வட்டம் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வெட்டினேன். உள்ளே நடுவில் குறுக்காக ஒரு பிளவு, என் விரல் நீளம், சுற்றிலும் ஊசித்துளை மாதிரிப் பொத்தல். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை ஆஷ்லின், குனிந்து மூக்கை அதிலேயே வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதை மூடிக் கட்டி வண்டியில் வைத்துவிட்டு சுலோசனாவிடம் போய் நின்றேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமலே, சின்ன வட்டம் நல்லா இருக்குக்கா, பொதுப் பிரிவுக்கு ஒன்பதரை வரைக்கும் பேர் குடுக்கலாம்னு மைக்ல சொன்னாங்க என்றாள். ஓடிப்போய் ஃபாரம் வாங்கினேன். செய்தவர் பெயர் என்ற இடத்தில் இரண்டு பேர் பெயரையும் எழுதினேன்.

பத்தேகாலுக்கு நடுவர் அம்மா ஒருவர் வந்தார், தமிழ் பேசினார். வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, இதன் வாசத்தை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று என்னைக் கேட்டார். இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷம் மனப்பாடமாகப் பதில் வைத்திருந்தேன், அதையே ஒப்பித்திருக்கலாம். எனக்கு வாசம் தெரியாதுங்க, இவள்தான் சொல்வாள் என்று சுலோசனாவைக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். விடிகாலைல மாட்டுக் கொட்டாய் கழுவி வுட்டதுக்கு அப்புறம் வர்ற வாசம்ங்க, கூடவே கொஞ்சம் காளான், இன்னும் ஒரு வாரம் வுட்ருந்தா காளான் தூக்கலா வந்திருக்கும் என்றாள். அந்த அம்மா பேனாவை நிறுத்திவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். பரிசு வரவில்லை. இருபத்தாறு பேரில் நாலாவது. சீட்டில், உப்பு அளவு சரி, குறை ஏதும் இல்லை, ஒரு வாரம் கூடுதலாகப் பழுக்க விடவும் என்று எழுதியிருந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நான் சொன்னதையே எழுதிருக்காங்க என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதி. திரும்பி வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது, அதே செப்டம்பர்ச் சரக்கில் இரண்டு வட்டம் புதுவருஷத்துக்குக் கடற்கரைப் பக்கத்து ஓட்டலுக்குப் போயிருக்கிறது. கிருஷ்ணகிரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அங்கே சமையல் பார்க்கும் இளஞ்செழியனுக்குப் போன் போட்டேன். அந்தத் தம்பி குரலை உயர்த்தவே இல்லை. வெட்டிப் பாத்துட்டு அன்னைக்கே ஓரமா வெச்சிட்டோம் மேடம், மாசத்துக்கு மேலாச்சு, நீங்களே போன் பண்ணுவீங்கன்னு இருந்தேன் என்றார். பிப்ரவரியில் அவர்கள் ஏன் சரக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் மூக்கு விஷயத்தை அவரிடமும் சொன்னேன், இனி சுலோசனா முகராமல் ஒரு வட்டமும் ஷெட்டை விட்டு வெளியே போகாது என்றேன். யோசிச்சிச் சொல்றேன் மேடம் என்றார். இன்னும் சொல்லவில்லை. அந்தச் சரக்கில் மீதி இருந்த ஒன்பது வட்டத்தையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். பால் கொடுப்பவரிடமும் தீவனத்தைப் பற்றிப் பேசியாயிற்று.

போன வாரம் அப்பாவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது, ஒரு வருஷத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள், கற்பூரம் நான்கையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார். கற்பூரத்துக்கு எரிச்சல் வருகிறது, வாசம் வரவில்லை. மற்றதற்கு அதுவும் இல்லை. கேஸ் கசிந்தால் கத்துகிற மணி ஒன்றை அப்பா வாங்கி மாட்டியிருக்கிறார், தாளித்தால்கூடக் கத்துகிறது. ஏன் மறைத்தாய் என்று நீ கோபப்படுவாய், படு. ஆனால் அப்பாவைக் கேட்காதே, அவருக்கும் உன்னைவிட இரண்டே வாரம் முன்னால்தான் தெரியும்.

இதையெல்லாம் நீ ஈஸ்டருக்கு வந்த பிறகு நேரில் சொல்லலாம் என்றுதான் அப்பா சொன்னார். நான்தான் கூடாது என்றேன். சென்னை ஏர்போர்ட்டில் நீ வெளியே வந்ததும் உன் உச்சியை முகர்ந்துவிட்டுத்தான் உன் முகத்தையே பார்ப்பேன், நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். இந்த முறை முகர்ந்தால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்த நேரத்தில் என் முகம் எப்படி ஆகும் என்று எனக்கே தெரியாது. அதைப் பார்த்து, அம்மாவுக்கு என்மேல் பாசம் குறைந்துவிட்டதோ என்று நீ ஒரு நிமிஷம்கூட நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை பக்கம்.

வருகிற புதன் விபூதிப் புதன், டியூட்டி ஒத்துவந்தால் கோவிலுக்குப் போய் வா. வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதே. மாதா உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும், உன் கையால் தொடுகிற நோயாளிகள் எல்லாம் குணமாகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். டிக்கெட் போடும்போது பகலில் வந்து இறங்குகிற மாதிரி போடு, மறந்துவிடாதே.

முத்தங்களுடனும் ஆசீரோடும்,
உன் அம்மா,
சூ. சூசைமேரி