அழைப்பிதழில் முத்துசாமி பெயர்

அச்சரப்பாக்கம்
3.2.2025

அன்புள்ள சம்பந்தி ஜான்சனுக்கு,

நலம். போனில் பேசினால் வார்த்தை தடிக்கும் என்று எழுதுகிறேன். கார்த்தி – ஜெபா கல்யாண அழைப்பிதழின் புரூப் பார்த்தேன். ‘முத்துசாமி அவர்களின் பேத்தி’ என்ற வரி வேண்டாம். உங்கள் அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர் என்று ஊருக்கே தெரியும். மதம் வேறு என்பதையே பங்காளிகளைப் பாடுபட்டு ஒப்புக்கொள்ள வைத்தேன். வம்சத்தையும் அச்சடித்துக் காட்ட வேண்டுமா?

திருவேங்கடம்

மாமல்லபுரம்
6.2.2025

மதிப்புக்குரிய சம்பந்தி அண்ணாத்தைக்கு,

நானும் என் வீட்டுக்காரி மேரியும் ஜெபாவும் சுகம். படிப்பு எனக்கு எட்டாவதோடு சரி. ஆனால் இருபது வருஷமாக ஐந்து ரதத்தில் வெள்ளைக்காரர்களுக்கு கைடு. எனக்குத் தெரியாத வம்சமா? விக்டோரியா மகாராணிக்கு ஒன்பது பிள்ளை. இன்றைக்கு இங்கிலாந்து, நார்வே, சுவீடன், டென்மார்க், ஸ்பெயின், ஐந்து சிம்மாசனத்திலும் அந்தம்மா வாரிசுதான். ஸ்பெயின் ராஜாவைக் கட்ட ஒரு பேத்தி மதம் மாறினாள். ரஷ்யாவுக்கு வாழ்க்கைப்பட்டவளும் மாறினாள். அதனாலா சிம்மாசனம் இடிந்து விழுந்தது? இதைக் கேட்ட ஒரு நார்வேக்காரர், “எங்க ராஜாவுக்கே இவ்ளோ தெரியாது” என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கடலே ஒரு நிமிஷம் அலையை நிறுத்தியது.

கீறினால் இரத்தம் நிற்காத நோயும் அந்த வம்சத்தில் ஓடியது. என் அப்பா உங்கள் வயலில் காலை மண்வெட்டியால் வெட்டிக்கொண்டு, துணியைச் சுற்றிக் கட்டி, அன்றைக்கே மூன்று காணி உழுதார். சரி, ஒரு காணி. எது ராஜ இரத்தம்? அவர் பேத்தி நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் என்ஜினீயர். சென்னையே எங்கள் கையால்தான் தண்ணீர் குடிக்கிறது.

வரி இருக்கும்.

ஜான்சன்

அச்சரப்பாக்கம்
10.2.2025

ஜான்சன்,

ராணி கதையை டூரிஸ்ட்டுகளிடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் இருந்தால் எங்கள் பக்கம் ஒருத்தரும் வரமாட்டார்கள். நானும்தான்.

திருவேங்கடம்

மாமல்லபுரம்
15.2.2025

சம்பந்தி,

உங்கள் கடிதத்தோடு நேற்று செங்கல்பட்டு அச்சகத்துக்குப் போனேன். கார்த்தி அங்கே இருந்தார். படித்தார். பேனாவை எடுத்து உங்கள் அப்பா பெயரை அடித்துவிட்டார்.

“இன்னா மாப்ளே பண்ற?”

“அவரு பேரு வாணாம்னா எங்க தாத்தா பேரும் வாணாம், மாமா.”

“உங்க நைனா பேஜாரு பண்ணுவாரு.”

“பண்ணிக்கினு இருக்கட்டும்.”

பேனாவைப் பிடுங்கினேன். இப்போது இரண்டு தாத்தாக்களும் ஒரே அளவு எழுத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். முதல் அழைப்பிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். அடுத்தவன் பெயரை அழித்து எங்களுக்குப் பழக்கமில்லை.

உங்கள் அப்பா பெயரைத் திரும்ப எழுதிய,
முத்துசாமி மகன் ஜான்சன்