தோளுக்குப் பின்னால் போட்ட தாலி

என் செல்ல அம்மாவுக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இங்கே செய்தி இதுதான்: எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருஷம் வந்துவிட்டேன். தினமும் டாக்குரியாவில் ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறேன். அப்பா வழக்கம்போல அலிப்பூர் ஆபீசுக்குப் போகிறார். சாம்பாரில் சர்க்கரை போடுகிறார் என்று சமையலுக்கு வரும் வங்காளி மாஷியோடு அவருக்குத் தினமும் சண்டை.

ஏன் இந்தப் படிப்பு என்று எல்லோரும் கேட்டார்கள். வேலை கிடைக்கும் என்றேன். அது பொய் இல்லை.

உன் முதல் எக்ஸ்ரே நினைவிருக்கிறதா? இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தாய். கல்கத்தாவில் இருபது வருஷம் இருந்தும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் உனக்கு வங்காளம் வரும். அதனால் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான் பேசுவதற்காகக் கூட வந்தேன். செயினைக் கழற்றச் சொல்லிவிட்டு டெக்னீஷியன் மெஷின் பக்கம் போனார். நீ கழுத்தடியைக் கையால் மூடிக்கொண்டாய்.

"உங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப தாலியக் கழட்டுவாங்களாடி?"

வெளியே வரிசை நின்றது. எனக்கு மானம் போனது. "பின்னாடி தள்ளிக்கோம்மா, தெரியாது" என்றேன். அவரிடம், கழற்றியாயிற்று என்று வங்காளத்தில் சொன்னேன். நீ தாலிக்கொடியை வலது தோளுக்குப் பின்னால் போட்டு, மேலே அவர்கள் கொடுத்த அங்கியை இழுத்துக்கொண்டாய்.

பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை, கஷாயம் என்று நான்கு மாதம் ஓடியது. இரண்டாவது எக்ஸ்ரேக்குப் போனபோது நீ பாதியாகியிருந்தாய். கழற்றச் சொன்னதும் கழற்றி என் கையில் கொடுத்தாய். நுரையீரலில் கட்டி, கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர்.

பயிற்சியின் முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கதிர் உடம்பை ஊடுருவிப் போவது. உலோகம் முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, படத்தில் வெள்ளையாக விழும். அன்று வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்த உறைகளை இறக்கி, இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டாவதில் கட்டி இருக்கும் இடத்தில், முதலாவதில் உன் தாலி இருக்கிறது. நகையின் நிழல் என்று ரிப்போர்ட் எழுதியவர் தாண்டிப் போயிருக்கிறார். குண்டுகளைக்கூட எண்ணலாம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. பூவும் பொட்டுமாகப் போனாள் என்று வந்தவர்கள் சொன்னதை அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். உனக்கு என்மேல் கோபம் உண்டா? எனக்கு உண்டு.

போன வாரம் ஒரு பெண் வந்தார். கிடர்பூரில் இட்லிக்கடை வைத்திருக்கும் நம்மூர்க் குடும்பம். இருமல். கழற்றுங்கள் என்றதும் உன்னைப் போலவே கையால் மூடிக்கொண்டார்.

"அவரு வெளிய உக்காந்திருக்காரும்மா. நான் பின்னாடி போட்டுக்கறேனே?"

அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து கோட்டுப் பையில் வைத்திருக்கும் மஞ்சள் கயிற்றை எடுத்தேன். "முதல்ல இதைக் கட்டிக்குங்கக்கா. அப்புறம் அதைக் கழட்டுங்க. கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையா இருக்காது. நூல் படத்துல விழாது."

அவர் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டறது யாரு?"

வெளியே போய் அவர் கணவரைக் கூப்பிட்டேன். சட்டையில் மாவு காய்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மனைவியின் கழுத்தில் மூன்று முடிச்சு போட்டார். "இந்த வயசுல ரெண்டாங் கல்யாணம்" என்று அந்த அக்கா சிரித்தார். சிரித்தபடியே கொடியைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தார். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

படம் சுத்தமாக வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை. எதுவும் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன், கொஞ்ச நேரம்தான்.

என் கோட்டுப் பையில் மஞ்சள் கயிறு எப்போதும் இருக்கும், அம்மா. பின்னாடி தள்ளிக்கோ என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அதை உன்னிடம் சொன்ன
உன் மகள்,
சுதா