ஐந்தில் ஒன்று

தென் ஓமஹா,
திங்கட்கிழமை

மாண்புமிகு மாநில செனட்டர் லம்பர்ட் வாந்த்ரா அவர்களின் சமூகத்துக்கு, உன் அப்பன் எமில் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஒஃபீலியா எழுதுவது. இங்கு நலம். நீ மாநிலத் தலைநகரத்து மெத்தை நாற்காலியில் நலமாகத்தான் இருப்பாய், கேட்க வேண்டியதில்லை.

மழை இல்லை. முழங்கால் வலி அப்படியே. நேற்று கட்சி ஆள் ஒருவன் வந்தான், மண்படாத காலணியோடு. “பெரியவரே, உங்க மகன் ஓட்டு ஒண்ணுதான் பாக்கி. வியாழக்கிழமை அவர் கை தூக்கிட்டா சட்டம் மாறிடும். மாநிலமே ஒரே குரல்ல பேசலாம்” என்றான். “என் வாயையும் சேத்து வச்சுக்கிட்டுப் பேச நீ யாருடா?” என்று கேட்டேன். சிரித்தான். நீ கை தூக்கினால் உன்னை வாஷிங்டனுக்கு அனுப்புவார்களாம். இறைச்சிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் மாடு அறுத்தவன் நான். மற்ற மாடுகளை உள்ளே கூட்டிப்போக முன்னால் விடும் பழகிய காளையை எனக்குத் தெரியாதா? அதற்கும் நல்ல தீனிதான் போடுவார்கள்.

பதவி வந்ததும் மறந்திருப்பாய், சொல்கிறேன். ஜனாதிபதித் தேர்தலில் நம் மாநிலத்துக்கு ஐந்து வாக்கு. இரண்டு, மாநிலம் முழுதும் ஜெயித்தவனுக்கு. மீதி மூன்று, தொகுதிக்கு ஒன்று. தொண்ணூற்றொன்றில் இது சட்டமானது. அது மாறினால் ஐந்தும் மாநிலம் ஜெயித்தவனுக்கே. அதற்கு முன் ஆறு தேர்தலில் ஓட்டுப் போட்டேன். ஆறும் மேற்கே சோளக்காட்டுக்காரர்களின் ஓட்டில் கரைந்துபோயின. இரண்டாயிரத்தெட்டில்தான் நம் ஊரின் அந்த ஒன்று முதன்முறை மற்ற நான்குக்கும் மாறாகத் தனியாக நின்றது. எண்ணி முடிக்க நாள் கணக்கானது. வெள்ளிக்கிழமை, நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். நீ தெருவில் நின்று, “அப்பா, நம்மளயும் எண்ணிட்டாங்கப்பா!” என்று கத்தினாய். உனக்கு முப்பத்தாறு வயது. ஞாபகமில்லை என்று ரேடியோக்காரனிடம் சொல்லிக்கொள், என்னிடம் வேண்டாம்.

இப்போது நம் தெருவில் முற்றத்துக்கு முற்றம், அந்த ஒற்றை வாக்குக்கு அடையாளமாக நீல வட்டம் வரைந்த வெள்ளைப் பலகை. எழுத்தே கிடையாது. யார் உதவியுமின்றி நான் வாசித்த முதல் தேர்தல் பலகை அதுதான். அதைக் கிறுக்கல் என்றாயாமே.

இங்கே நான் சொன்ன ஒரு சொல்லை ஒஃபீலியா எழுத மறுக்கிறாள். “பெத்த புள்ளைக்கு இப்படியா தாத்தா?” என்கிறாள். இடம் விடச் சொல்லியிருக்கிறேன். நீயே நிரப்பிக்கொள்.

உன் அம்மா போனபின் ஒவ்வொரு தேர்தலுக்கும் நீதான் என்னுடன் சாவடிக்குள் வந்து பெயர்களை வாசித்தாய். ஓட்டுச்சீட்டில் நான் சொன்ன பெயருக்கு நேரே வட்டத்தைக் கறுப்பாக்கினாய். சரியாகத்தான் செய்தாயா என்று ஒருமுறைகூட நான் யாரிடமும் காட்டிக் கேட்டதில்லை. இந்த நவம்பர் தேர்தலுக்கு, தானே உடன் வருவதாக ஒஃபீலியா சொல்கிறாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கர்த்தர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சொல்லி முடித்துக் கைநாட்டு வைத்த
எமில் வாந்த்ரா