ஒரு நாள் காற்று

உரும்பிராய்
30.07.2025

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். போனில் கதைத்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவா. அதுதான் கடிதம்.

நீ அனுப்பிய வீடியோ பார்த்தோம். பெரிய பட்டத்தை இடுப்பில் கொளுவி, பலகையில் நின்று கடலுக்கு மேலால் பறக்கிறாய். நான் சின்னனில் விட்ட பட்டம் ஒன்றும் என்னை இழுத்துக்கொண்டு போனதில்லை. வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் முழங்கால் நனைந்தாலே எனக்கு அது கடல். அம்மா மூன்று தரம் போட்டுப் பார்த்தா. நான் பாதியில் மாட்டுக்கு வைக்கோல் போட எழும்பிவிட்டேன்.

ஆறாம் திகதி பயிற்சியாளர் சோதனை என்றாய். பாஸ் பண்ணினால் கற்பிட்டியிலேயே மற்றவர்களுக்குப் பழக்கும் வேலை. நேற்று நல்லூர்க் கொடியேற்றத்தில் கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று இப்போது எழுதவில்லை.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத்து ஓ எல் சோதனையை இரண்டு தரம் எடுத்த உன் அப்பா,
சண்முகநாதன்

கற்பிட்டி
09.08.2025

அன்பு அப்பாவுக்கு,

சோதனை நடக்கவில்லை. ஆறாம் திகதி விடிய எழும்பினால் காற்றே இல்லை. சோழகக் காற்று அடிக்கிற மாதத்தில் கடல் கிணறு மாதிரிக் கிடக்கிறது. இன்று நாலாம் நாள். பழக்குகிற லெனாட் அண்ணை, "இருபது வருசத்திலை இப்பிடி நான் பாக்கேல்லை, தங்கச்சி" என்கிறார்.

சோதிக்க வந்த வெள்ளைக்காரர் பதினாலாம் திகதி திரும்பிவிடுவார். அதற்குள் காற்று வராவிட்டால் இனி அடுத்த வருடம்தான். அழுகை வருகிறது அப்பா. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். நல்லூரானிடம் எனக்காக ஒருக்கால் கேளுங்கோ.

அருந்ததி

உரும்பிராய்
13.08.2025

அன்பு மகள்,

வாசித்து முடித்துவிட்டு என்னை ஏசு. காற்றை நிற்பாட்டியவன் நான்தான்.

கொடியேற்றத்தன்று, "முருகா, ஆறாம் திகதி ஒரு நாள் மட்டும் காத்தை நிப்பாட்டு, நான் வீதியிலை உருண்டு பிரதட்டை பண்ணுறன்" என்று நேர்த்தி வைத்தேன். சோதனை நடக்காவிட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்ற நினைப்பு. கேட்டது ஒரு நாள். முதுகுப்பிடிப்பைச் சாட்டி நான் உருளுவதைத் தள்ளிப்போட, அவர் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டார் போல.

நேற்று உன் கடிதம் வந்தது. இன்று காலமை கோயில் வீதி மணலில் உருண்டேன். மேற்கு வீதியில் தலை சுற்றிப் பக்கம் மாறிப் போய்விட்டேன். கடலை விற்கிற மனுசி ஒன்று, "ஐயா, கோயில் உங்காலை!" என்று கத்தினா.

வேட்டி மண்ணைப் பார்த்து அம்மா விசாரிக்க, உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. "பிள்ளை கடலிலை பறக்குது. இஞ்சை மனுசன் மணலிலை உருளவே வழி தெரியாமல் நிக்குது" என்றா. தேத்தண்ணியை மேசையில் வைத்த சத்தத்தில் மிச்சம் விளங்கியது.

நீ அழுகிறாய் என்று வாசித்தது எனக்குக் கடலைவிடப் பயமாய் இருந்தது. இன்று காற்றைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். நிறையக் கேட்டேன்.

அப்பா

கற்பிட்டி
17.08.2025

அன்பு அப்பாவுக்கு,

பாஸ் என்று போனில் சொன்னபோது "ஓம், ஓம்" என்றுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். காரணம் நேற்றுக் கடிதம் வந்தபிறகுதான் விளங்கியது. முதலில் கோபம்தான் வந்தது. கடலைக்காரி கத்திய இடத்தில் சிரித்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். காற்று பன்னிரண்டாம் திகதி பின்னேரமே வந்துவிட்டது. நீங்கள் உருண்டது அடுத்த நாள். முருகன் உங்களை நம்பித் தந்திருக்கிறார். நானென்றால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

இனி நேர்த்தி வைப்பதென்றால் எனக்கும் ஒரு சொல் சொல்லிப்போட்டு வையுங்கோ. என் முதல் மாணவராக உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். பழகுவது கரையோரக் களப்பில், தண்ணீர் இடுப்பளவுதான்.

அருந்ததி

உரும்பிராய்
22.08.2025

அன்பு மகள்,

நேற்றுத் தேர் முடிந்தது. முப்பதாம் திகதி வாறம். என் பெயரை வெட்டிவிட்டு அம்மாவின் பெயரை எழுது. அவ இப்போதே சட்டை தைக்கக் கொடுத்துவிட்டா. நான் கரையில் இருந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்வேன்.

நீ பறக்கும்போது கண்ணை மூடமாட்டேன். இதற்கு நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா