கூடுவாஞ்சேரி மனையில் ஒரு டிராம்

அன்பு மச்சானுக்கு,

எங்கே இருக்கிறீர்களோ, வெயில் அடிக்காத இடமாக இருக்கட்டும். தகரக் கூரைக்குக் கீழே முப்பத்தைந்து வருஷம் வெந்த உடம்பு அது.

நேற்று உங்கள் திதி. உங்கள் தங்கை உங்களுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலும் மோர்க்குழம்பும் வைத்துப் படைத்தாள். இலையை எடுக்கும்போது என்னைப் பார்க்காமலே கேட்டாள், "டிராம் போன விஷயத்த அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?" நான் விளக்கைத் தூண்டிவிட்டேன். "எழுதியாவது சொல்லிடுங்க. மனசுக்குள்ள வச்சுக்கிட்டு ஏன் வீட்டுக்குள்ளயே நடந்துகிட்டு இருக்கீங்க?" என்றாள். வசந்தா எதையும் இப்படித்தான் சொல்வாள், உங்களுக்குத் தெரியாதா.

சொல்லிவிடுகிறேன். டிராம் போய்விட்டது மச்சான். போன செவ்வாய்க்கிழமை ஒரு டிராக்டர் வந்தது. கோடாலியோடு நாலு பேர் இறங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. எல்லாம் அடுப்புக்குப் போகிற மரம்.

இதை எங்கிருந்து ஆரம்பிப்பது? குறுகலான மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் ஓடிய மின்சார வண்டிகளை நிறுத்தினார்களே, அந்த வருஷத்திலிருந்தா? தாம்பரம் ரயில் ஷெட்டில் நீங்கள் ஃபிட்டர். கடைசி வண்டி ஓடி முடிந்த பிறகு நீங்கள் தொட்டுப் பழகிய பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. ஒன்றையாவது நிறுத்தி வையுங்கள் என்று ரயில்வேக்கு மூன்று கடிதம் எழுதினீர்கள். எனக்குத் தெரிந்து நீங்கள் எழுதிய கடிதங்களே அவைதான். பதில் வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், எங்கள் வீட்டு மாடி அறையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள். வசந்தா சாப்பாட்டுத் தட்டை மாடிக்கு எடுத்துப் போவாள். பாதியோடு திரும்பி வரும்.

உங்களைக் கொஞ்சம் வெளியே கூட்டிப்போகலாம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பொழிச்சலூருக்கு மனை பார்க்க வாங்க என்றேன். மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு மரவீட்டில் ஒதுங்கினோம். மீன் விற்கிற அம்மா, பெயர் கன்னியம்மா, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். நீங்கள் உட்காரவில்லை. கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"இன்னா சார், மேலயே பாத்துகினு கீறீங்க? ஒழுவாது, பயப்படாம குந்துங்க" என்றார் அவர்.

நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். விரல் சில்லென்று இருந்தது. "மாப்ள, இது வீடு இல்ல. வண்டி."

கூரை வளைந்திருந்தது. அதன் ஓரமாக ஒரு நீளக் கம்பி, நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துக்கொள்ள. கன்னியம்மா அதில் புடவை காயப்போட்டிருந்தார். மெட்ராஸில் டிராம் ஓடுவதை நிறுத்தினபோது அவருடைய மாமனார் ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்து இறக்கியதாம். "நான் கண்ணாலம் ஆயி வந்தப்பவே இதான் வூடு. மூணு புள்ளயும் இதுலதான் பெத்தேன்" என்றார். ஐம்பது வருஷத்து மரம், ஒரு பலகைகூட உளுத்துப்போகவில்லை. எப்படி என்று கேட்டீர்கள். "வருசா வருசம் மழைக்கு முன்ன மீன் எண்ணெ அடிப்பேன். எங்க அப்பாரு வூட்டுல படகுக்கு அடிக்கிறதுதான். நாத்தம் ஒரு மாசம் இருக்கும், அப்பால பூடும்."

திரும்ப பஸ் ஏறினோம். பல்லாவரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னீர்கள், "டிராமும் மீட்டர் கேஜ்தான், மாப்ள." அன்று ராத்திரி தட்டு காலியாகத் திரும்பி வந்தது. வசந்தா அதை என்னிடம் காட்டினாள்.

அதனால்தான் மச்சான், அந்த வண்டியை வாங்க நீங்கள் கிளம்பியபோது நான் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

எத்தனை ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா வீட்டுக்குப் போனோம். அதே இடத்தில் செங்கல் அறை கட்டித் தருகிறோம், இந்த வண்டியை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நீங்கள் கேட்டபோது அவர் சிரித்தார். அடுத்த தடவை சிரிக்கவில்லை. "செங்கல்லு நல்லாதான் கீது சார். ஆனா இதுல காத்து வரும்" என்றார். ஒத்துக்கொள்ள வைத்தது அவருடைய பெரிய மகன். மரவீட்டில் இருக்கிறோம் என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிரேன் வந்த அன்று சாமான்களையெல்லாம் வெளியே வைத்துவிட்டு கன்னியம்மா மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். கிரேன்காரர் ஹாரன் அடித்தார். மகன் கூப்பிட்டான். நீங்கள்தான் உள்ளே போய் ஏதோ பேசி அழைத்து வந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவேயில்லை. இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது? ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிமேல் டிராம் போனபோது பஸ்ஸிலிருந்தவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். நீங்கள் லாரியின் முன்சீட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தீர்கள்.

பொழிச்சலூருக்குப் பதில் கூடுவாஞ்சேரியில் நான் வாங்கிப்போட்டிருந்த மனையில் இறக்கினோம். சுற்றிலும் எல்லைக் கல்லும் முள்செடியும்தான். அதன் பிறகு நாம் இருவரும் சுரண்டினோம், அவ்வளவு சுரண்டினோம். மேலே நீலம், அதற்குக் கீழே பச்சை, எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் பிசுபிசுத்த எண்ணெய்ப் படலம். காஸ்டிக் சோடா போட்டுக் கழுவினோம். என் கை மூன்று வாரம் வெந்து கிடந்தது. ஒருநாள் படிக்குப் பக்கத்துப் பலகையில் எழுத்து தெரிந்தது. "வண்டி நின்ற பிறகு இறங்கவும்." நீங்கள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நம் இருவரைத் தவிர ஆளில்லாத மனையில், கண் கலங்கியதை யார் பார்த்துவிடுவார்கள் என்று திருப்பினீர்களோ?

வெறும் மரமாக ஆன பிறகு கன்னியம்மாவைப் பார்க்க அழைத்து வந்தீர்கள். பெருமையாகக் காட்டத்தான். அவர் உள்ளே போய்ப் பலகையில் முகத்தை வைத்து முகர்ந்தார்.

"எண்ணெ வாசனையே இல்லியே."

"எல்லாத்தையும் எடுத்துட்டோம்மா. அந்தக் காலத்து மாதிரியே பாலிஷ் போடப்போறோம்."

"மழ வரப்போவுதே சார். சும்மாவா வுடுவீங்க?"

"தார்ப்பாய் இருக்கும்மா" என்றீர்கள்.

அந்த மழைக்குத் தார்ப்பாய் தாங்கியது. அடுத்த வருஷம் பாலிஷ் போட்டு முடித்திருப்போம். ஆனால் உங்களுக்குச் சக்கரம் வேண்டியிருந்தது. சக்கரம் கிடைத்து, தண்டவாளத் துண்டின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டுத்தான் பாலிஷ் என்று பிடிவாதமாக நின்றீர்கள். பெரம்பூரிலிருந்து விழுப்புரம் வரை தெரிந்தவர்களை எல்லாம் கேட்டீர்கள். எல்லாவற்றையும் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டிருந்தார்கள், ஒரு சக்கரம்கூட மிஞ்சவில்லை. வெறும் மரம் அப்படியே நின்றது.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. வசந்தாவுக்கும் இது தெரியாது, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. மூக்கில் குழாய் இருந்ததால் உங்கள் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. குனிந்தேன். "தார்ப்பாய் கட்டியாச்சா மாப்ள?" என்றீர்கள். "கட்டியாச்சு மச்சான்" என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

கட்டவில்லை மச்சான். மடித்த தார்ப்பாய் டிராமுக்குள்ளேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டீர்கள். காரியத்துக்குக் கன்னியம்மா வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் அதையே கேட்டுவிடுவாரோ என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகாவது போனேனா? போகவில்லை. இன்று, நாளை என்று தள்ளினேன். ரயிலில் கூடுவாஞ்சேரி வரைக்கும் போய், ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வந்திருக்கிறேன். உங்கள் பனியன் அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று தெரியும். சித்திரையில்தான் ஒருவழியாக மனைக்குப் போனேன். பனியன் இருந்தது. தரைப்பலகையில் கால் வைத்தேன், கணுக்கால்வரை இறங்கியது.

பிறகு என்னால் ஆனதைச் செய்தேன். நம்புங்கள். டிராமை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லிப் போன ஒரு அலுவலகத்தில் போட்டோ கேட்டார்கள். கொடுத்தேன். இடமில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒரு அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். "சக்கரம் இல்ல, மோட்டார் இல்ல. இது டிராம்னு நீங்க சொல்றீங்க. பாக்கறவனுக்கு இது பெட்டி சார்" என்றார். நான் போட்டோக்களை எடுத்துக்கொண்டு வந்தேன். தச்சர் ஒருவர் வந்து உளியால் குத்திப் பார்த்தார். கறையான் தூணுக்குள்ளேயே ஏறிவிட்டது, எண்ணெய் ஊறிய மரமாக இருந்தால் தொட்டிருக்காது என்றார். அந்த எண்ணெயைச் சுரண்டி எடுத்ததே நாம்தான் என்று தச்சரிடம் எப்படிச் சொல்ல? பக்கத்து மனைக்காரர்கள் பாம்பு அடைகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். போன மழையில் கூரை உள்ளே விழுந்தது. நானேதான் விறகு டிப்போவுக்குப் போன் செய்தேன் மச்சான். வேறு யாரும் செய்யவில்லை.

வியாழக்கிழமை பொழிச்சலூர் போனேன். கன்னியம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும் இல்லையா? நாம் கட்டிக்கொடுத்த அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து அனல் இறங்கியது. மகன் கல்யாணம் முடித்துக் குன்றத்தூர் பக்கம் போய்விட்டான். அவர் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பகலில் உள்ளே இருக்க முடிவதில்லையாம்.

சொன்னேன். தார்ப்பாயையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் சாக்கின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். "அந்த சார் கேட்டுகினு வந்தப்போ பாவமா இருந்திச்சி. அழுவுற மாறியே மூஞ்சிய வெச்சினு நின்னாரு. அதான் குடுத்தேன். என் புள்ள சொன்னான்னு இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "குடுத்திருக்கக் கூடாது" என்றார்.

இந்தக் கூரையையாவது மாற்றி ஓடு போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேணாம் சார். நீங்க எனுக்கு இனிமே ஒண்ணும் செய்ய வேணாம்."

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

நல்லதைத்தானே நினைத்தோம் என்று வசந்தா சொல்கிறாள். எனக்கு அது போதவில்லை. ஐம்பது வருஷம் நின்றதை நாம் ஐந்து வருஷத்தில் முடித்துவிட்டோம். உங்களுக்கு இது தெரிய வேண்டாம் என்று இவ்வளவு நாள் இருந்தேன். ஆனால் உங்களிடம் ஒரு பொய்யோடு எத்தனை திதிக்கு இலை போடுவது?

அலுவலக நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள், "உங்க மச்சான் ஒரு டிராமக் காப்பாத்தினாராமே?" இதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தேன். இனி ஆட்ட மாட்டேன். பொழிச்சலூரில் ஒரு அம்மா குடியிருந்த வீட்டை நாங்கள் இரண்டு பேரும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து மழையில் விட்டோம் என்று சொல்வேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், சத்தியமாக. உங்கள் பங்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் மச்சான்.

உங்கள் தங்கை வசந்தாவின் வீட்டுக்காரன், உங்கள் மாப்பிள்ளை,
முகுந்தன்