நாகப்பனைக் காட்டிக்கொடுத்த படம்

கொரட்டூர்,
யுவ வருஷம் பங்குனி 20

சிரஞ்சீவி சம்பத்துக்கு நைனா எழுதுவது. நீ பம்பாயில் தேக சௌக்கியத்தோடு இருக்க அம்மன் துணை இருக்கட்டும். இங்கே யாவரும் க்ஷேமம் என்று எழுதியே கை பழகிவிட்டது, இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. உன் கடிதம் வந்தது. சித்திரப் பள்ளிக்கூடத்தில் அரை நிமிஷத்தில் ஒரு ஆளை வரையச் சொல்கிறார்கள், முகம் வேண்டாம், உடம்பு போகிற போக்கை மட்டும் பிடி என்கிறார்கள், ஒரு நாளைக்கு நூறு போட்டாலும் எல்லாம் மரப்பாச்சியாய் நிற்கிறது, ஊரில் போட்டதே தேவலை, அந்தப் பழைய நோட்டை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். நோட்டு வீட்டில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது.

ஏரியில் தண்ணீர் சுண்டிவிட்டது, நவரைப் பயிர் கதிர் வாங்குகிற சமயம். நம் தண்ணீர் முறை முடிவதற்குள் கீழ் ஊர்க்காரர்கள் விடிந்தும் விடியாமலும் வந்து வாய்க்காலைத் தங்கள் பக்கம் வெட்டிவிட்டார்கள். நாங்கள் பதினைந்து பேர் தடியோடு ஓடினோம். இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை, அடிதான். உன் சித்தப்பன் எத்திராஜுக்கு மண்வெட்டியால் தொடையில் வெட்டு, எலும்பு வெள்ளையாய்த் தெரிந்தது. சேற்றில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. அவர்கள் பக்கத்தில் சின்னப்பையன் என்று ஒரு ஆள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன், காதுக்குப் பின்னால் ஒரே அடி வாங்கி வாய்க்காலில் குப்புற விழுந்தான், எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அந்தத் தண்ணீரை இரண்டு ஊரும் பாய்ச்சவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரே வாயைக் கட்டிக்கொண்டு நின்றது. தடி தேடி நம் வீட்டுக்குள் நுழைந்தவர் கையில் உன் நோட்டு கிடைத்தது. தெருவில் வைத்துப் பிரித்தார், தடி ஓங்கி நிற்கிற ஒரு ஆளைக் காட்டி இது யார் என்று கேட்டார். எங்கள் புத்தி கெட்டது அங்கேதான். நீ இங்கே இருந்தபோது நோட்டைப் பிடுங்கி, மூஞ்சி இல்லாத படத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது தெருவுக்கே விளையாட்டாயிற்றே. அந்தப் பழக்கத்தில் கூட்டத்தில் ஒருத்தன், அது நம்ம நாகப்பன்தான் சார், பனமரத்துலேர்ந்து வுழுந்த முட்டி அப்டியே கீது பாருங்க என்று முந்திக்கொண்டான். எனக்கும் பெருமை தாங்கவில்லை, என் புள்ள போட்டது சார், மூஞ்சியே இல்லாம ஆளக் காட்டிடுவான் என்றேன். நாகப்பன் என் அக்காள் மகன் என்பதுகூட அந்த நிமிஷம் நினைவில் இல்லை. அவனுக்கு விலங்கு மாட்டினார்கள். அந்தப் படம் போன வருஷம் திருவிழாவுக்குச் சிலம்பம் பழகும்போது போட்டது, போட்டவன் எட்டு மாசமாய்ப் பம்பாயில் இருக்கிறான் என்று பிறகு கத்தினோம். தேதி எங்கே என்றார். நீ தேதி போடவில்லை. ஸ்டேஷனில் உள்ளங்காலில் அடித்து அடித்து அவனால் இப்போது நிற்க முடியவில்லையாம். அவன் பெண்சாதி கெங்கம்மாள் தினமும் நம் வாசலில் மண்ணை வாரித் தூற்றி, படம் போட்ட கை வெளங்குமா, அது புழுத்துப் பூடும் என்று சபிக்கிறாள். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

அந்தச் சாபம் உனக்கு வரவேண்டாமடா. சின்னப்பையனை அடித்தது நான். எத்திராஜின் தொடையைப் பார்த்ததும் கண் மறைத்துவிட்டது. தடியை ஏரியில் வீசிவிட்டேன், அடி விழுந்தபோது உள்ளங்கையில் ஏறிய அதிர்ச்சி மட்டும் போகவில்லை. பதினோரு நாள் வாய் திறக்காமல் சோறு தின்றேன், வெட்கமாக இருக்கிறது. நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் என் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

அக்காள் மகனைக் காப்பாற்றக் கிழவன் பொய் சொல்கிறான் என்பார்கள். ஆகையால் அந்தப் படம் என்றைக்குப் போட்டது என்று கையெழுத்திட்டு எழுதி அனுப்பு. கூடவே என்னையும் வரைந்து அனுப்பு. அந்த இன்ஸ்பெக்டருக்கு எழுத்தைவிடப் படத்தின்மேல்தான் நம்பிக்கை. நோட்டில் நான் குந்தியிருப்பதும் ஏர் பிடிப்பதும் நாற்பது இடத்தில் இருக்கிறது, கை ஓங்கியது ஒன்றுகூட இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மடை பார்க்காமல் படம் போட்டாய் என்று மாடு ஓட்டுகிற தார்க்கோலால் உன் முதுகுத் தோலை உரித்தேனே, அப்போது உன் கையில் பென்சில் ஏது. நான் அடிக்கும்போது எப்படி நிற்பேன் என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவன் நீ ஒருத்தன்தான்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அம்மாவுக்கு அடிக்கடி எழுது. உன் கை நன்றாக இருக்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் மூலையில் தேதி போடு. பெற்றவன் என்று இரக்கப்பட்டு என் கையைத் தாழ்த்திப் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் நைனா
தசரதன்