சின்னப்பொண்ணு அக்காவின் பத்து விரல்

நவ. 26, புதன்

காலையிலிருந்து தூறல். இ-சேவை சென்டர் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. குனிந்து நுழைந்ததில் இடுப்புப் பிடிப்பு.

கைரேகை மிஷினைச் சொருகினால் திரையில் இன்றும் அதே அறிவிப்பு: டிரைவரை அப்டேட் செய்யவும். பத்து நாளாய் ‘பிறகு’ என்பதையே அழுத்திக்கொண்டிருக்கிறேன். இன்று கீழே புதிதாய் ஒரு வரி. மிஷினை ஓட்டும் பழைய சாஃப்ட்வேர் திங்கள் முதல் வேலை செய்யாதாம்.

ஹெல்ப்லைன் பெண்: “போட்டுடுங்க மேடம், அஞ்சு நிமிஷ வேலை.”

மணலூர்பேட்டையில் சென்டர் வைத்திருக்கும் சரவணன்: “போடாதீங்கக்கா. நான் போட்டுட்டு அவஸ்தப்பட்டுக்கினு இருக்கேன். கரும்பு வெட்றவங்க வெரல் ஒண்ணுகூட ஏற மாட்டேங்குது. பழசுக்குத் திரும்பவும் வுட மாட்டேங்குது.”

யார் பேச்சைக் கேட்பது? தலைவலிதான் மிச்சம்.

வாங்க: பேப்பர் ஒரு கட்டு, து. பருப்பு, தைலம்.

நவ. 27, வியாழன்

மழை விட்டது. வெயிலும் இல்லை.

ஆள் கம்மி. போட்டுத் தொலைக்கலாம் என்று மௌஸைக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து சின்னப்பொண்ணு அக்கா போன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே அவர் வீடு. கணவர் அரசு வேலையில் இருந்து இறந்தவர். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தான் உயிரோடு இருப்பதாக அக்கா வருஷம் ஒருமுறை இந்த மிஷினில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஞாயிறோடு கெடு முடிகிறது. தவறினால் பணம் நிற்கும். மகள் சேலத்தில் நர்சிங் படிப்பதே அதில்தான்.

“மரவள்ளி புடுங்கிக்கினு இருந்தேம்மா, வர முடியல. நாளைக்கு காலை பஸ்ல வந்துடறேன்.”

மண்ணில் தேய்ந்த விரல். போன வருஷம் பழைய டிரைவரிலேயே ஐந்தாவது தடவைதான் ஏறியது. புதுசு போட்டால் அவ்வளவுதான். அக்கா வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம். முடிவெடுத்த சந்தோஷத்தில் இரண்டு பஜ்ஜி.

நவ. 28, வெள்ளி

மூட்டம். மலை பஸ் ஒரு மணி நேரம் லேட்.

அக்கா பை நிறையக் கிழங்கோடு வந்தார். உட்கார்ந்ததும் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். சிவந்து, மழமழவென்று.

“கைய நல்லா கழுவிக்கினு வரணும்னு போன வருசம் சொன்னல்லம்மா. சாம்பல் போட்டு நாரால தேச்சேன், கறை போவல. அப்புறம் துணி தொவைக்கிற கல்லுல வச்சி தேச்சேன். இப்ப பாரு, இன்னா சுத்தம்!”

சொன்னேன்தான். எல்லோரிடமும் சொல்வேன், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பத்தும் வைத்தாயிற்று. ஒன்றும் ஏறவில்லை. இருந்த கொஞ்ச ரேகையையும் கல்லில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். முகம் காட்டும் முறையும் பார்த்தேன். ஆதாரில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தைய முகம், ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வந்தது. பிரிண்டரில் பேப்பர் வைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கே கூட்டிவந்தேன். விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய். சும்மா இருக்க முடியாமல் பாத்திரம் தேய்க்க எழுந்தார். “தண்ணியில கை வைக்காதீங்க!” என்று கத்திவிட்டேன். பயந்துபோய் உட்கார்ந்தார். பாவம். என் மேல்தான் எனக்குக் கோபம்.

நவ. 29, சனி

வெயில்.

பழைய டிரைவரில் மறுபடி பத்து விரல். இல்லை.

மிச்சம் இருப்பது புதுசு ஒன்றுதான். போட்டால் திரும்ப முடியாது. போடாவிட்டால் இன்றும் நாளையும் வருகிறவர்களுக்காவது பழசு ஓடும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தினேன். அஞ்சு நிமிஷம் இல்லை, முப்பத்தைந்து நிமிஷம்.

வலது கை ஐந்தும் ஏறவில்லை. இடது கட்டை விரலும் ஏறவில்லை. இடது மோதிர விரலில் பச்சை விளக்கு. டிரைவரா, எண்ணெயா, தெரியாது.

“இன்னாம்மா, இருக்கறனா?”

“இருக்கீங்கக்கா.”

பிரிண்டை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். டீ சொல்லியிருந்தேன், குடிக்கவில்லை.

அதே நாற்காலியில் அடுத்து வடக்கனந்தல் கொத்தனார். நலவாரிய ஓய்வூதியம் வாங்குகிறவர், இவருக்கும் உயிரோடு இருப்பதாக அதே சான்றுதான். சிமெண்ட் அரித்த விரல். போன வருஷம் பழசில் முதல் தடவையே ஏறியவர். இன்று எட்டு தடவை வைத்தார். சிவப்பு விளக்கு.

“அப்ப நான் இன்னா மேடம், செத்துட்டனா?”

“தொடச்சிட்டு வைங்கண்ணே.”

கழுவச் சொல்லவில்லை.